துரியால்பாவிலிருந்து வந்த அழைப்பு

மகள்,

இன்று காலை உன்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது 401 நெடுஞ்சாலையில் நல்ல வெயில். அம்மா வழியில் அழவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் நாங்கள் மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். பிள்ளை இரண்டு வருடத்துக்குத் தூரதேசம் போன அன்று இப்படிச் சாப்பிட முடியும் என்று சில வருடங்களுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். சாப்பிட்ட கையோடு ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன். எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காரில் ஏறும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். பெரியப்பா வாசலுக்கு வரவில்லை. மேல் அறை யன்னலில் நின்று கையை ஒருமுறை உயர்த்திவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டார். நீ அதைப் பார்த்துவிட்டு, "பெரியப்பாவுக்கு நான் போறது இண்டைக்கும் பிடிக்கேல்லை, என்னப்பா?" என்றாய். நான் பெல்ற்றைப் போடச் சொல்லிவிட்டு காரை எடுத்தேன். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. மூன்று வருடமாக அந்தப் பதிலை நான்தான் மூடி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் அந்தப் பதில். இதன் ஒரு பிரதியை, இங்கே பிளாசாவில் கடை வாசல்களில் அடுக்கி வைக்கிறார்களே, அந்தப் பத்திரிகைகளில் ஒன்றுக்கும் அனுப்ப நினைத்திருக்கிறேன். பொய்யை ஊர் முழுவதும் சொன்னவன் உண்மையை வீட்டுக்குள் மட்டும் சொன்னால் அது சரியில்லை. ஆனால் அதற்கு இன்னொருவருடைய சம்மதமும் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் நாங்கள் இன்னும் பத்தாம் மாடி அப்பார்ட்மென்ரில் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ பல்கலைக்கழகத்துப் பத்திரங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாய். செப்ரெம்பரிலிருந்து நான்கு மாதம் கொஸ்ராறிக்கா என்ற நாட்டில் படிப்பு. காலையில் ஸ்பானிஷ், பின்னேரத்தில் வெப்பமண்டலக் காடுகளைப் பற்றிய பாடம். இடையில் வரும் விடுமுறையில் சிநேகிதியோடு முதுகில் பையைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றப்போவதாகவும் சொன்னாய். அதை ஒளிக்காமல் சொன்னது உன் குணம். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "காடு பாக்கிறதுக்கும் ஒரு படிப்போ? குமர்ப்பிள்ளை பொதி சுமந்துகொண்டு தெருத்தெருவாத் திரியிறதுக்கோ நாங்கள் உன்னை இஞ்ச கொண்டு வந்தனாங்கள்?" நீ பத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக் கோப்புக்குள் வைத்தாய். இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு என் கையெழுத்துத் தேவையில்லை என்பது நீ போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் கையெழுத்துத் தேவைப்பட்ட காலத்தில் நான் அதை எப்படிப் பாவித்தேன் என்பதும் எனக்கு மறக்கவில்லை. எட்டாம் வகுப்பில் உன் பள்ளிக்கூடம் மூன்று நாள் ஏரிக்கரை முகாமுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோனது. நான் ஒப்பமிட மறுத்தேன். அந்த மூன்று நாளும் உன் வகுப்பில் மிஞ்சிய இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியாக நீ நூலகத்தில் இருந்திருக்கிறாய். அதை எனக்குச் சொன்னது நீயல்ல. பெற்றோர் சந்திப்பில் உன் ஆசிரியை சொன்னாள். அந்த மூன்று நாளில் நீ பறவைகளைப் பற்றி நூலகத்தில் இருந்த அத்தனை புத்தகங்களையும் வாசித்து முடித்துவிட்டாயாம். அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது என் பிழையாகத்தான் கேட்டது. ஆனாலும் அடுத்த வருடமும் நான் ஒப்பமிடவில்லை. பயம் அப்படித்தான் மகள். தான் பிழையென்று தெரிந்துகொண்டும் அது தன் வேலையைப் பார்க்கும்.

நீ கொஸ்ராறிக்காவுக்குப் போன நாள் நான் வேண்டுமென்றே ஓவர்ரைம் கேட்டு வாங்கி வேலைக்குப் போனேன். அம்மாவும் அவளுடன் வேலைசெய்யும் பெண்ணும்தான் உன்னை ஏற்றிவிட்டார்கள். அதற்கு நான் எப்போதோ மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நீயும் பெரிய மனதோடு விட்டுவிட்டாய். நான் இன்று சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

நீ போன அடுத்த கிழமைதான் பெரியப்பா வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணம் ஒரே நாளில் வெறுமையான அந்த இடப்பெயர்வில் நடந்து, பிறகு வவுனியா, கொழும்பு என்று அலைந்து, அறுபத்திரண்டு வயதில் ஒற்றைப் பையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பெரியம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். உனக்குப் பெரியப்பாவை அப்போது நன்றாக நினைவில்லை, நீ சின்னப் பிள்ளையாக வெளிக்கிட்டவள். எனக்கு அவர் அண்ணன் மட்டுமல்ல, எங்கள் வீட்டில் சொல்லுக்கு மதிப்புள்ள ஒரே ஆள். தபாலதிபராக இருந்தவர். ஊரடங்கு நேரத்திலும் சைக்கிளில் போய்த் தந்தி கொடுத்தவர். "இருபத்தெட்டு வருசத்தில ஒரு தந்தியெண்டாலும் என்ர கையில தேங்கினதில்லை" என்று அவர் சொல்வதில் பெருமை இருந்தது, ஆனால் பொய் இல்லை. வந்த இரண்டாம் கிழமையே சும்மா இருக்க முடியாமல் எங்கள் வீட்டுத் தொலைபேசியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அம்மாவும் நானும் வேலைக்குப் போன நேரங்களில் வரும் அழைப்புகளை ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். யார், எத்தனை மணி, என்ன விஷயம். முத்து முத்தான எழுத்து.

அந்த மனிதரிடம்தான் நான் பொய் சொன்னேன். பெறாமகள், தம்பியின் பிள்ளை, தனியாக ஏதோ ஒரு வேற்று நாட்டில், பாஷை தெரியாத ஒரு வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னால் என் வளர்ப்பைப் பற்றி என்ன நினைப்பார் என்று வெட்கப்பட்டேன். நீ இந்த நாட்டுக்குள்ளேயே, வன்கூவரில் ஒரு தவணை படிக்கிறாய் என்றேன். ஒருவரிடம் சொன்ன பொய்யை எல்லோரிடமும் சொல்லித்தானே ஆகவேண்டும். கோயிலில் கேட்டவர்களுக்கும் வன்கூவர்தான், கலியாண வீட்டில் கேட்டவர்களுக்கும் வன்கூவர்தான். தன் மகன் அங்கேதான் இருக்கிறான், உன் விலாசத்தைத் தாருங்கள் என்று ஒரு அன்ரி கேட்டபோது, இன்னும் விடுதி மாறிக்கொண்டிருக்கிறாள் என்றேன். அம்மா இதற்கு உடன்படவில்லை. ஆனால் என்னை எல்லோர் முன்னும் பொய்யனாக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. நீ எழுதிய கடிதங்களை முத்திரை தெரியாமல் அலுமாரிக்குள் வைத்து, பெரியப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து வாசிப்பாள்.

இன்னொன்றும் செய்தேன். அந்தக் காலத்தில் பொருள் விற்கிறவர்கள் நேரகாலம் இல்லாமல் தொலைபேசியில் வந்து தொல்லை கொடுப்பார்கள். பெரியப்பா அவர்களிடமும் மரியாதையாக நின்று, விளங்காத இங்கிலிஷில் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருப்பார். நான்தான் ஒருநாள் சொல்லிக் கொடுத்தேன். "அண்ணை, விளங்காத பாஷையில ஆரும் கதைச்சால் ஒண்டும் யோசியாமல் வைச்சிடுங்கோ. அது சாமான் விக்கிற ஆக்கள்." அவர் தலையாட்டினார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர்.

ஒக்ரோபர் மாதம் விடுமுறையில் நீயும் உன் சிநேகிதியும் லிமோன் பக்கம் கடற்கரைக்குப் போனதும், அங்கே உனக்குக் காய்ச்சல் தொடங்கியதும், அவள் பனாமாவுக்குப் போகும் திட்டத்தைக் கெடுக்க விரும்பாமல் நீ பெரிய பையை விடுதியில் விட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறி, நீ படித்த ஊரான துரியால்பாவுக்குத் திரும்பியதும் உனக்குத் தெரிந்த கதை. நீ தங்கியிருந்த வீட்டுக்காரி எல்சா உன்னைக் கண்டவுடன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் உனக்குத் தெரியும். டெங்குக் காய்ச்சல். உங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் மற்ற மாணவர்களோடு மலைக்காட்டுக்குப் போயிருந்த கிழமை அது. எல்சாவுக்கு இங்கிலிஷ் ஒரு சொல்லும் வராது. ஆனால் ஒரு பிள்ளை நோயில் கிடந்தால் தாய் தகப்பனுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்குப் பாஷை தேவையில்லையே. உன் கொப்பியைப் புரட்டி எங்கள் இலக்கத்தைக் கண்டுபிடித்து அழைத்திருக்கிறார். உனக்குத் தெரியாதது இதற்குப் பிறகுதான் வருகிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம். எனக்குப் பல்லுவலி, வேலையில் சொல்லிவிட்டு நேரத்தோடு வந்துவிட்டேன். சப்பாத்தைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. பெரியப்பா எடுத்தார், கொஞ்சம் கேட்டார், வைத்துவிட்டார். யாரென்று கேட்டேன். "உந்த மனிசி திங்கக்கிழமையிலயிருந்து எடுக்குது. என்ன பாஷையோ தெரியேல்லை. பாசுகி, பாசுகி எண்டு எதையோ விக்கப் பாக்குது. நீ சொன்னமாதிரி நான் வைச்சிடுறனான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது, புதுநாட்டு வேலையொன்றைச் சரியாகச் செய்துவிட்ட திருப்தி. அவர்கள் பாஷையில் 'வா' என்ற எழுத்து 'பா' என்று விழும் என்று நீ முதல் கடிதத்திலேயே சிரிப்பாக எழுதியிருந்தாய். எல்சா உன்னை வாசுகி என்று கூப்பிட எத்தனையோ முறை முயன்றும் பாசுகி என்றுதான் வருகிறது என்று. அந்தக் கடிதத்தை நான் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தால், திங்கட்கிழமையே அவருக்கு விளங்கியிருக்கும்.

நான் ஒரு சப்பாத்தோடு அந்தத் தொலைபேசிக்கு முன்னால் நின்றேன். திருப்பி எடுக்க என்னிடம் இலக்கம் இருந்தது.  அதற்குள் மறுபடியும் அடித்தது. எல்சா விடுகிற ஆளில்லை. நான் எடுத்து உன் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் பெரிய மூச்சொன்றை விட்டுவிட்டு மழை கொட்டுகிற மாதிரிப் பேசத் தொடங்கினாள். அதில் எனக்கு விளங்கியது 'ஒஸ்பித்தால்' என்ற ஒரே சொல். ஆஸ்பத்திரியைத்தான் சொல்கிறாள். வெயிற், வெயிற் என்று கத்திவிட்டு, கொரிடோரின் முடிவில் இருந்த மார்த்தா வீட்டுக்கு ஓடினேன். எல்சல்வடோர் நாட்டுக்காரி, அவளுக்கும் ஸ்பானிஷ்தான் தாய்ப்பாஷை. லிஃப்ரில் கண்டால் சிரிப்பதோடு சரி. அதற்கு மேல் நாங்கள் பழகியதில்லை. அவள் தலையில் துவாயைக் கட்டியபடி வெறுங்காலோடு என்னுடன் ஓடிவந்து தொலைபேசியை வாங்கினாள். பேசப் பேச என்னைப் பார்த்துக் கையால் அமைதி, அமைதி என்று காட்டினாள். பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலிஷில், அவளுக்குத் தெரிந்த இங்கிலிஷில், விஷயத்தைச் சொன்னாள். டெங்கு. ஐந்து நாள். இரண்டு நாள் மோசமாக இருந்தது. இன்று காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி குடித்தாள். பிள்ளை தனியாக இல்லை என்று தகப்பனுக்குச் சொல்லு, நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று எல்சா சொல்லச் சொன்னாராம்.

மார்த்தா போன பிறகு பெரியப்பா என்னைக் கேட்டார், ஆருக்கு என்ன என்று. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வன்கூவர் பொய் என்று சொன்னேன். அவர் கதிரையில் இருந்து கேட்டார். நான் பயந்தபடி உன்னைப் பற்றியோ உன் பயணத்தைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு நாளும் அந்த அழைப்பையும் அவர் எழுதித்தான் வைத்திருந்தார், 'விற்பனை, வேற்றுப் பாஷை' என்று. அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பிள்ளை ஸ்பானிஷ் கதைக்கிற நாட்டில இருக்குது எண்டு ஒரு சொல்லு எனக்குச் சொல்லியிருந்தால், நான் போனை வைச்சிருப்பனோ தம்பி?"

நான் அலுமாரியிலிருந்த உன் கடிதங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். 

ஞாயிற்றுக்கிழமை நான் புறப்பட்டேன். அம்மாவுக்கு அப்போது பாஸ்போட் இல்லை, எனக்கு முந்தின வருடம்தான் கிடைத்திருந்தது. சான் ஹோசேயில் இறங்கி, மார்த்தா எழுதித் தந்த துண்டை ஒவ்வொருவரிடமும் காட்டி, பஸ் பிடித்து, மலைகளுக்குள்ளால் கோப்பித் தோட்டங்களைப் பார்த்தபடி துரியால்பாவுக்கு வந்தேன். பஸ் நிலையத்தில் என்னைவிடக் குள்ளமான, தலை நரைத்த ஒரு பெண் நின்று, வந்து இறங்கிய அத்தனை பேரிலும் என்னை மட்டும் பார்த்து, "பப்பா தே பாசுகி", வாசுகியின் அப்பா, என்றாள். எல்சாதான். என் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்கவைத்தாள், சின்னப் பிள்ளையைக் கடக்க வைப்பது போல. நீ அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தாய். மெலிந்து, கண் உள்ளே போய், எல்சாவின் மகனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாய். என்னைக் கண்டதும் முதலில் சிரித்தாய். அழுதது பிறகுதான்.

அன்று பின்னேரம் நீ கேட்டாய். "எல்சா ஒவ்வொரு நாளும் எடுத்தவவாம் அப்பா. ஆரோ எடுக்கினமாம், உடன கட்டாகுதாம். ஏன்?" நான் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நோயிலிருந்து எழும்பிய பிள்ளையின் மனதை ஏன் நோகடிப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "லைனில பிழையாம் பிள்ளை, இப்ப திருத்தியாச்சு" என்றேன். உன் மனதுக்காகவல்ல, என் முகத்துக்காகத்தான் அதைச் சொன்னேன். நீ அதை எல்சாவுக்கு ஸ்பானிஷில் சொன்னாய். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் அந்தப் பத்து நாளும் எனக்குக் கிடைத்த நல்ல நாட்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எல்சா காலையில் சோறும் கறுப்பு அவரையும் ஒன்றாக வதக்கி வாழைப்பழப் பொரியலோடு தருவார். முதல் நாள் பிசைந்து சாப்பிட்ட என் கையைப் பார்த்து வியந்தவர், மூன்றாம் நாள் தானும் கையால் சாப்பிட்டுப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் பப்பாசியும் செவ்வரத்தையும் மரவள்ளியும் நின்றன. பதினொரு வருடத்துக்குப் பிறகு மரவள்ளி இலையைக் கையால் தொட்டேன். நீ எனக்கு எல்லாவற்றுக்கும் அவர்கள் பெயரைச் சொல்லித் தந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கடைசிச் சோதனைக்குப் போனபோது டொக்ரரோடு நீ கதைத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு இடத்தில் நீ ஏதோ சொல்ல அவர் சிரித்தார், தாதியும் சிரித்தாள். இன்னொரு பாஷையில் பகிடி விட என் மகளுக்கு முடிகிறது. எனக்குப் பதினொரு வருடமாக இங்கிலிஷில் அது இன்னும் முடியவில்லை.

விடுதியில் விட்டு வந்த பையை எடுக்க, உனக்குக் கொஞ்சம் பலம் வந்தபின், நாம் இருவரும் லிமோனுக்குப் போனோம். திரும்பும்போது அந்தப் பெரிய பையை நான்தான் முதுகில் போட்டேன். இடுப்புப் பட்டியை நீ இறுக்கிவிட்டாய். கடற்கரையோரம் பஸ் நிலையம் வரை நடந்தோம். என் வயதுக்காரன் ஒருவன் அந்தக் கோலத்தில் போவதைப் பார்த்து மீன் விற்றுக்கொண்டிருந்தவர்கள் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். பஸ்ஸில் வைத்துத்தான் நான் உன்னிடம் முதல்முறையாகச் சண்டையில்லாமல் கேட்டேன், இப்படி ஊர் சுற்றுவதில் உனக்கு என்ன இருக்கிறது என்று. நீ சொன்னாய். "உங்களுக்குப் பயணமெண்டால் விட்டிட்டு வாறது அப்பா. எனக்குப் போயிற்று வாறது. அவ்வளவுதான் டிஃபரன்ஸ்." நான் பிறகு எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். மகள் வெளிநாட்டில் படிக்கப் போக நிற்கிறாள், என்ன செய்வது என்று எங்கள் பக்கத்து மில்லிக்கனில் இருந்தும் ரூஜில் இருந்தும் எனக்குத் தொலைபேசி எடுக்கும் தகப்பன்மாருக்கு நான் சொல்லும் புத்திமதியே இது ஒன்றுதான். அது உன்னுடையது என்று மட்டும் சொல்வதில்லை. அதையும் இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

நான் திரும்பி வந்த அன்று பெரியப்பா சொன்னார், பிள்ளை வந்தவுடன் தானே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கப்போவதாக. நான் தடுத்தேன். "விடுங்கோ அண்ணை, லைன் பிழையெண்டு சொல்லிப்போட்டன்" என்றேன். அவர் சொன்னால் வன்கூவர் கதையும் வரும், லைன் கதையும் வரும், இரண்டும் என் பொய். அவர் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். அன்றிலிருந்து அவர் தொலைபேசியைத் தொட்டதில்லை. அடித்தால் எழும்பி அறைக்குப் போவார். நீ டிசெம்பரில் வந்து, "எப்பிடி இருக்கிறீங்கள் பெரியப்பா?" என்று அவர் பக்கத்தில் போய் இருந்தபோது, இரண்டு சொல்லில் பதில் சொல்லிவிட்டு எழும்பிப் போனார். நீ அதை வெறுப்பு என்று நினைத்தாய். குமர்ப்பிள்ளை ஊர் சுற்றியது பழைய மனிதருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தாய். இந்த வீட்டுக்கு மாறி வந்த பிறகும் அப்படித்தான் நினைத்தாய். நீ வந்தால் அவர் மேலே போவதும், அவர் கீழே வந்தால் நீ குரலைத் தாழ்த்துவதும் எங்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது. உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அவர் எழும்பிப் போகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நல்ல மனிதரை மூன்று வருடம் ஒருவரையொருவர் பிழையாக நினைக்க விட்டேன். உன்னை எட்டாம் வகுப்பில் மறித்ததைவிட, விமான நிலையத்துக்கு வராமல் விட்டதைவிட, நான் செய்த பெரிய பிழை இதுதான்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய அறிவுரை இல்லை மகள். இருபத்துநாலு வயதில் நீ என்னைவிடக் கூட உலகம் பார்த்துவிட்டாய். நுளம்புக் கடிக்குக் கவனமாயிரு. இந்த இரண்டு வருடமும் மறுபடி துரியால்பாவில், எல்சாவின் வீட்டில் இருக்கும்வரை அவருடைய சொல்லைக் கேள். ஒருவரைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொண்டு பொய் சொல்ல வாய் வரும்போது, காப்பாற்றப்படுவது யார் என்று ஒருமுறை யோசி. அநேகமாக அது நீயாகத்தான் இருக்கும். என் அனுபவத்தில் அப்படித்தான் இருந்தது.

இவ்வளவும் எழுதி முடித்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேசை விளக்கைப் போட்டு, ஒவ்வொரு தாளாக வாசித்தார். நான் அடுப்படியில் நின்றேன். அம்மா கழுவிய கோப்பைகளைத் துடைத்து வைத்தேன். வாசித்து முடித்துத் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினார். பேப்பருக்குக் கொடுக்கலாமோ என்று கேட்டேன். "குடு. என்ர பேர் போடுறதெண்டாலும் போடு" என்றார். பெயர் போடவில்லை, அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. பிறகு அவர், எல்சாவின் பாஷையில் 'போனை வைச்சிடாதேங்கோ' என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மார்த்தா இப்போது பிறம்ரனில் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். நோ குவெல்கே என்றாள். பெரியப்பா அதைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஒருதரம் சரிபார்த்து, தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார்.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் எடு. நீ எடுத்தாலும் சரி, எல்சா எடுத்தாலும் சரி. அம்மாவும் நானும் வீட்டில்தான் இருப்போம், ஆனால் அடித்ததும் எடுக்கப்போவது பெரியப்பா.

அப்பா